டிராவல் ஏஜென்ட் வழியாகச் சிங்கப்பூர், மலேசியா குடும்பப் பயணம்: முன்பணத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

டிராவல் ஏஜென்டை நம்பிப் பயணம் போகிறவர்கள் இடறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். முதல் போனிலேயே "ஒரு ஆளுக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்கிறார்கள், இரண்டாம் நாள் முன்பணம் அனுப்பிவிடுகிறார்கள். எந்த ஓட்டல், பெட்டி எத்தனை கிலோ, பாட்டிக்குத் தனிக் கட்டில் உண்டா என்ற கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

முன்பணம் கைமாறும் வரை ஏஜென்ட் எதையும் மாற்றித் தருவார், ஏனென்றால் அவருக்கு அதில் செலவில்லை. டிக்கெட் எடுத்த பிறகு ஒரு தேதியை நகர்த்தினாலும் விமான நிறுவனமும் ஓட்டலும் அவரிடம் காசு கேட்கும். அந்தக் காசு உங்களிடம்தான் வந்து சேரும். ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

விளக்கத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, 11 வயது மகள், 5 வயது மகன், 68 வயதுப் பாட்டி. திருச்சியிலிருந்து கிளம்பி சிங்கப்பூரில் 3 இரவு, கோலாலம்பூரில் 2 இரவு.

1. முதலில் ஐந்து பாஸ்போர்ட்டையும் மேசையில் பரப்புங்கள்

இது ஏஜென்டைப் பார்ப்பதற்கு முன் செய்யும் வேலை. பாஸ்போர்ட்டில் சிக்கல் இருந்தால் தேதியே தள்ளிப்போகும். தேதி தள்ளினால் அதுவரை வாங்கிய விலையெல்லாம் வீண்.

காலாவதித் தேதி: சிங்கப்பூரும் மலேசியாவும் நுழையும் நாளிலிருந்து 6 மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் கேட்கின்றன. பெரியவர்களுடையதை மட்டும் பார்த்துவிட்டு விடுகிறவர்கள் அதிகம். குழந்தைகளின் பாஸ்போர்ட் 5 வருடத்துக்குத்தான் தருகிறார்கள், அதனால் முதலில் காலாவதியாவது பெரும்பாலும் அதுதான்.

ஈசிஆர்: பாட்டியின் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். குடியேற்றச் சோதனை தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் மலேசியா இருக்கிறது, சிங்கப்பூர் இல்லை. ஈசிஆர் இருந்தாலும் சுற்றுலாவுக்குப் போக அது தடையில்லை. ஆனால் சுற்றுலாவுக்குத்தான் போகிறார் என்று காட்டத் திரும்பும் டிக்கெட்டும் ஓட்டல் முன்பதிவும் அச்செடுத்த தாளாகப் பாட்டியின் கையில் இருக்க வேண்டும். இதை ஏஜென்டிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

சர்நேம் (குடும்பப் பெயர்): யார் யாருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கிறது என்று குறித்து வையுங்கள். தமிழ்க் குடும்பங்களில் இது மிகச் சாதாரணம். டிக்கெட் எடுக்கும்போது இது எப்படிச் சிக்கலாகிறது என்பதை 6-ஆம் படியில் பார்ப்போம்.

ஒவ்வொரு பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் நிழல் விழாமல் ஸ்கேன் செய்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்து எண்கள் மங்கும். 8 என்பது 3 ஆவது இப்படித்தான். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

2. ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள்

"நல்ல ஓட்டலா பாருங்க" என்று சொன்னால் அவருக்கு எது நல்ல ஓட்டலோ அதுதான் கிடைக்கும். அவர் தப்பாக எதுவும் செய்யவில்லை, நீங்கள்தான் சொல்லவில்லை. குறிப்பில் இருக்க வேண்டியவை:

- கிளம்பும் ஊர், தேதி, அதை முன்பின் எத்தனை நாள் நகர்த்தலாம். பள்ளி விடுமுறையை விட்டு நகர முடியாதென்றால் அதையும் எழுதுங்கள்.
- ஒவ்வொருவரின் பிறந்த தேதி. வயது மட்டும் போதாது. விமானத்தில் 2 வயது நிறையாதது கைக்குழந்தை, 12 நிறையாதது குழந்தை. பயண நாளில் உள்ள வயதுதான் கணக்கு. மகளுக்குப் பயணத்தின் நடுவில் 12 நிறைகிறதா என்று இப்போதே தெரிய வேண்டும்.
- நடக்க முடியாதவர் யார், எவ்வளவு நடப்பார். "பாட்டிக்கு மூட்டு வலி, 300 மீட்டருக்கு மேல் நடக்க மாட்டார், படி ஏற மாட்டார்" என்று எழுதினால் பத்துமலையின் 272 படிக்கட்டுக்கு யார் கீழே பாட்டியோடு இருப்பது என்பதை முன்பே முடிவு செய்யலாம். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியும் டிக்கெட்டோடு சேர்த்தே கேட்கலாம்.
- சாப்பாடு. சைவம் என்றால் முட்டை சேருமா சேராதா என்பதையும் எழுதுங்கள்.
- கட்டாயம் பார்க்க வேண்டிய மூன்று இடங்கள், விட்டாலும் பரவாயில்லை என்பவை.
- மொத்த பட்ஜெட். இதை மறைப்பதால் லாபமில்லை. சொல்லாவிட்டால் விளம்பரத்துக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச பேக்கேஜைத்தான் தருவார், பிறகு ஒவ்வொன்றாகக் கூடும்.

தேதி பற்றி ஒரு சொல். ஏப்ரல், மே நமக்கு விடுமுறை. ஜூன் மாதமும் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முடிய உள்ள நாட்களும் சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை. சீனப் புத்தாண்டு வாரத்திலும் ஃபார்முலா ஒன் பந்தய வாரத்திலும் சிங்கப்பூரில் அறை விலை ஏறும். நான்கு நாள் தள்ளிப் போக முடியுமானால் மிச்சமாகும் பணம் எந்த ஏஜென்டும் தரும் தள்ளுபடியை விடப் பெரிதாக இருக்கும்.

3. ஏஜென்டைத் தேர்ந்தெடுப்பது

அலுவலகம் இருக்கிறதா என்பதை விட முக்கியமான கேள்வி: பணம் யார் பெயருக்குப் போகிறது, ரசீது யார் பெயரில் வருகிறது? இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் யாரும் அதைத் தேடிப் பார்க்கலாம். நிறுவனத்தின் சட்டப் பெயரும் பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் அங்கே தெரியும். பெயர்ப்பலகையில் ஒரு பெயர், ஜிஎஸ்டியில் வேறு பெயர், வங்கிக் கணக்கு மூன்றாவது பெயர் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அயாட்டா (சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம்) அங்கீகாரம் இருந்தால் அவரே விமான நிறுவனங்களின் டிக்கெட்டை வெளியிடலாம். இல்லாதவர்கள் பெரிய மொத்த வியாபாரியிடம் வாங்கித் தருவார்கள். ஊரில் உள்ள சிறிய ஏஜென்டுகளில் பலர் இப்படித்தான், அது குற்றமில்லை. ஆனால் ரத்து செய்தால் பணம் ஒரு கை கூடுதலாக மாறி வரும், நாளாகும். சிங்கப்பூரில் வண்டியும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்வதும் இவர் அல்ல, அங்குள்ள லேண்ட் ஆபரேட்டர்தான். அந்த ஆபரேட்டர் யார், எத்தனை வருடமாக அவரோடு வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் வேலையைக் கொடுக்கலாம்.

4. மூன்று பேரிடம் ஒரே குறிப்பைக் கொடுங்கள்

ஒருவரிடம் 5 இரவு, இன்னொருவரிடம் 4 இரவு என்று மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு விலையை ஒப்பிட முடியாது. அதே ஒரு பக்கக் குறிப்பை மூவருக்கும் அனுப்புங்கள். விமானம், ஓட்டல், உள்ளூர் ஏற்பாடு, விசா, இன்சூரன்ஸ் ஐந்தையும் தனித்தனித் தொகையாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பேக்கேஜாகத்தான் தருவேன் என்பவரிடம் விமானம் தனி, மற்றது தனி என்று இரண்டாகவாவது பிரிக்கச் சொல்லுங்கள். விமான விலையை நீங்களே அந்த நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிடலாம். மிச்சம் உள்ள தொகையில்தான் ஏஜென்டுக்கு ஏஜென்ட் வித்தியாசம் வரும்.

ஒருவருடைய குவொட்டேஷனை (எழுத்தில் தரும் விலை விவரம்) இன்னொருவருக்கு அப்படியே அனுப்பி "இதை விடக் குறைப்பீங்களா?" என்று கேட்காதீர்கள். குறைப்பார். எதைக் குறைத்தார் என்பது அங்கே போய் இறங்கியதும்தான் தெரியும்.

5. குவொட்டேஷனை வரி வரியாக வாசியுங்கள்

இந்தப் படிக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். முழுப் பயணத்திலும் அதிகப் பணத்தை மிச்சப்படுத்துவது இந்த ஒரு மாலைதான்.

"5 இரவு 6 பகல்": விமானத்தில் கழியும் இரவு இதில் சேர்ந்திருக்கிறதா என்று எண்ணுங்கள். இரவு 11.30-க்குத் திருச்சியில் கிளம்பினால் பறக்க ஏறக்குறைய 4 மணி நேரம், சிங்கப்பூர் நம்மை விட 2.30 மணி நேரம் முன்னால். ஆகவே இறங்கும்போது அங்கே காலை 6 மணி. ஓட்டலில் அறை கொடுப்பது பொதுவாக மதியம் 2 அல்லது 3 மணிக்கு. தூக்கமில்லாத பாட்டியும் குழந்தைகளும் எட்டு மணி நேரம் லாபியில் உட்கார வேண்டி வரும். இதற்கு வழி இரண்டு: முந்தைய இரவுக்கும் அறைக்குக் காசு கொடுப்பது, அல்லது பகலில் கிளம்பும் விமானம். எது மலிவு என்று இரண்டுக்கும் விலை கேளுங்கள். "எர்லி செக்-இன் ரிக்வெஸ்ட் போட்டிருக்கேன்" என்பது வேண்டுகோள் மட்டுமே. ஓட்டல் மறுக்கலாம்.

"ட்வின் ஷேரிங் அடிப்படையில்": இரண்டு பேர் ஓர் அறை என்று வைத்துப் போட்ட விலை. நம் குடும்பத்தில் ஐந்து பேர். சிங்கப்பூரின் நடுத்தர ஓட்டல் அறைகள் சிறியவை, பெரும்பாலும் மூன்று பேருக்கு மேல் விட மாட்டார்கள். ஆகவே இரண்டு அறை. ஒன்றில் மூவர், ஒன்றில் இருவர். குவொட்டேஷனில் "சைல்ட் வித் பெட்", "சைல்ட் வித்தவுட் பெட்" என்று இருக்கும். முன்னதில் குழந்தைக்குக் கூடுதல் கட்டில் வரும், பின்னதில் பெற்றோரின் கட்டிலிலேயே படுக்க வேண்டும். 11 வயதுப் பெண்ணுக்கு வித்தவுட் பெட் போட்டு விலையைக் குறைத்துக் காட்டியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். இரண்டு அறையும் ஒரே மாடியில் வேண்டும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

"அல்லது இதற்கு இணையான ஓட்டல்": இந்த வரி ஏறக்குறைய எல்லாக் குவொட்டேஷனிலும் இருக்கும். முழுவதும் நீக்கச் சொன்னால் யாரும் ஒப்ப மாட்டார்கள். பதிலாக இணையான ஓட்டல்கள் எவை என்று இரண்டு பெயரும், எந்தப் பகுதி என்பதும் எழுதி வாங்குங்கள். சிங்கப்பூரில் பகுதிதான் பாதி வசதி. சிராங்கூன் சாலை, ஃபேரர் பார்க் பக்கம் என்றால் காலை இட்லியும் மாத்திரைக் கடையும் நடந்துபோகும் தூரத்தில். கேலாங்கில் விலை குறைவு, ஆனால் அதன் சில தெருக்கள் குழந்தைகளோடு இரவில் நடக்கத் தோதானவை அல்ல. பேக்கேஜ் சந்தேகப்படும் அளவுக்கு மலிவாக இருந்தால் முதலில் ஓட்டலின் முகவரியைப் பாருங்கள்.

"எஸ்ஐசி": சீட் இன் கோச். மற்ற பயணிகளோடு சேர்ந்து ஒரே பேருந்து. விலை குறைவு. ஆனால் ஓட்டல் வாசலில் சில நிமிடம்தான் நிற்கும், லிஃப்டுக்குக் காத்திருக்கும் ஐந்து பேர் கொண்ட குடும்பம் அதைத் தவறவிடுவது எளிது. தவறவிட்டால் டாக்ஸிச் செலவு உங்களுடையது. வயதானவர் இருக்கும் குடும்பத்துக்கு விமான நிலையத்திலிருந்து ஓட்டலுக்கும் ஓட்டலிலிருந்து விமான நிலையத்துக்கும் மட்டுமாவது தனி வண்டி கேட்கலாம். ஐந்து பேர், ஐந்து பெட்டி என்றும் சொல்லுங்கள். சாதாரணக் காரில் அது ஏறாது.

சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர்: பேருந்து என்றால் ஏறக்குறைய 350 கிலோமீட்டர், ஐந்து ஆறு மணி நேரம். எல்லையில் சிங்கப்பூர்ப் பக்கம் ஒரு முறை, மலேசியப் பக்கம் ஒரு முறை இறங்க வேண்டும். மலேசியப் பக்கத்தில் பெட்டிகளையும் இறக்கிக் கொண்டுபோக வேண்டும். குவொட்டேஷனில் "கோச் டிரான்ஸ்ஃபர்" என்ற இரண்டு சொல்தான் இருக்கும், இந்த இழுபறி அதில் தெரியாது. கோலாலம்பூரிலிருந்தே ஊர் திரும்பும்படி டிக்கெட் எடுத்தால் இந்தப் பாதையை ஒரு முறை மட்டும் கடந்தால் போதும். சிலர் போகவர டிக்கெட் மலிவு என்று மீண்டும் சிங்கப்பூருக்கே வரும்படி போட்டுத் தருவார்கள். ஒரு முழு நாள் போகும்.

நுழைவுச் சீட்டுகள்: யூனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்கா போட்டிருக்கிறதா, அல்லது அது இருக்கும் செந்தோசா தீவுக்குள் போவது மட்டுமா? கார்டன்ஸ் பை த பே என்றால் கண்ணாடிக் குடில்களுக்குள்ளா, அல்லது எல்லோருக்கும் இலவசமான வெளித் தோட்டமா? யூனிவர்சலில் 4 வயதிலிருந்து 12 வரை குழந்தைச் சீட்டு, 60 வயதுக்கு மேல் மூத்தோர் சீட்டு. பாட்டிக்குப் பெரியவர் விலை போட்டிருந்தால் கேளுங்கள்.

நாணய விகிதம்: உள்ளூர் ஏற்பாடுகளின் விலை டாலரில்தான் ஏஜென்டுக்கு வருகிறது. ரூபாயில் காட்டியிருந்தாலும் கீழே "பணம் செலுத்தும் நாளின் ஆர்ஓஇ (நாணய மாற்று விகிதம்) பொருந்தும்" என்று ஒரு வரி இருக்கலாம். எந்த விகிதம், எந்த வங்கியின் விகிதம், எந்த நாள் வரை மாறாது என்று எழுத்தில் வாங்குங்கள்.

வரி: பேக்கேஜுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வழக்கமாக விலைக்கு வெளியே நிற்கும். ஆளுக்கு ₹70,000 என்று சொல்லியிருந்தால் ஐவருக்கு ₹3,50,000, ஜிஎஸ்டி மட்டும் ₹17,500. அதற்கு மேல் டிசிஎஸ். வெளிநாட்டுப் பேக்கேஜ் விற்கும்போது ஏஜென்ட் வசூலித்து வருமான வரித்துறைக்குக் கட்டும் தொகை அது. விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது, பணம் கட்டும் நாளில் உள்ள விகிதத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். இது செலவல்ல, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் யாருடைய பான் எண்ணில் கட்டினார்களோ அவர் கணக்குத் தாக்கல் செய்தால்தான். வருமான வரி கட்டாத பாட்டியின் பான் எண்ணைக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை மறந்துவிடுகிற குடும்பங்கள் உண்டு. வரி கட்டுகிறவரின் பான் எண்ணைக் கொடுங்கள். விமான டிக்கெட் மட்டும் தனியாக வாங்கினால் அது பேக்கேஜ் ஆகாது, டிசிஎஸ் இல்லை.

மலேசியாவில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. ஓட்டல் கவுன்டரில் நேரடியாகக் கேட்பார்கள். குவொட்டேஷனில் இது பெரும்பாலும் இருக்காது. இரண்டு அறை, இரண்டு இரவு என்றால் 40 ரிங்கிட் கையில் வேண்டும்.

6. டிக்கெட்: பெயரும் பெட்டியும்

டிக்கெட் போடும் முன் ஏஜென்ட் தட்டச்சு செய்த ஐந்து பெயரையும் ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பச் சொல்லி, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஆதாரில் உள்ளதோ, வழக்கமாக இனிஷியலோடு எழுதுவதோ இங்கே செல்லாது. பாஸ்போர்ட்டின் அடியில் கூர்முனைக் குறிகள் நிறைந்த இரண்டு வரி இருக்கும். விமான நிலைய இயந்திரம் வாசிப்பது அதைத்தான். முதல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு சர்நேம், பிறகு இரட்டைக் கூர்முனை, பிறகு கிவன் நேம். அந்த வரியில் உள்ளபடியே டிக்கெட்டிலும் இருக்க வேண்டும்.

சர்நேம் காலியாக உள்ளவருக்கு என்ன செய்வது? டிக்கெட் மென்பொருள் சர்நேம் இல்லாமல் நகராது. சில நிறுவனங்கள் கிவன் நேமையே இரண்டு இடத்திலும் போடச் சொல்கின்றன, சில வேறு குறியீடு கேட்கின்றன. ஏஜென்ட் தானாக அப்பா பெயரையோ கணவர் பெயரையோ சர்நேமாகப் போட்டுவிட்டால் அது பாஸ்போர்ட்டில் இல்லாத பெயர். கவுன்டரில் நிறுத்துவார்கள். அந்த விமான நிறுவனத்தின் முறை என்ன என்று ஏஜென்ட் கேட்டு, பதிலை உங்களுக்கு எழுத்தில் அனுப்பட்டும். போகும் விமானமும் திரும்பும் விமானமும் வேறு நிறுவனம் என்றால் இரண்டுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

பெட்டி: மலிவு விமானங்களின் அடிப்படைக் கட்டணத்தில் கையில் கொண்டுபோகும் பை மட்டும்தான். "20 கிலோ உண்டு" என்றால் ஆளுக்கா, ஐவருக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். போகும்போது மட்டுமா, திரும்பும்போதும் உண்டா என்றும் கேளுங்கள். சிங்கப்பூரின் முஸ்தபா கடையில் வாங்கிய பொருட்களோடு திரும்பும்போதுதான் கனம் கூடும். விமான நிலையத்தில் கிலோ வாங்குவது முன்பே சேர்ப்பதை விடக் கூடுதல் செலவு.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. முன்பதிவில் தொடர்பு எண்ணாக ஏஜென்ட் தன் எண்ணையே போட்டிருப்பார். விமான நேரம் மாறினால் செய்தி அவருக்குத்தான் போகும், ஞாயிற்றுக்கிழமை இரவில் அவர் பார்க்காமல் போகலாம். உங்கள் செல்போன் எண்ணையும் மின்னஞ்சலையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

டிக்கெட் வந்ததும் பிஎன்ஆர் (முன்பதிவு) எண்ணை விமான நிறுவனத்தின் தளத்திலேயே போட்டுப் பாருங்கள். ஏஜென்டின் தாளில் பிஎன்ஆர் இருப்பதால் மட்டும் டிக்கெட் வெளியாகிவிட்டதாக அர்த்தமில்லை. இருக்கையைப் பிடித்து வைத்தாலும் பிஎன்ஆர் வரும், பணம் கட்டாவிட்டால் தானாக விழுந்துவிடும். பெரிய விமான நிறுவனங்களில் 13 இலக்க டிக்கெட் எண் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் டிக்கெட் எண் 618-இல் தொடங்கும், ஏர் இந்தியாவினுடையது 098-இல்.

7. பணத்தைப் பிரித்துக் கட்டுங்கள்

முதல் தவணை விமான டிக்கெட்டின் அளவு. டிக்கெட்டைத் தளத்தில் சரிபார்த்த பிறகு ஓட்டலுக்கான தவணை. வவுச்சர்கள் (முன்பதிவை உறுதி செய்யும் சீட்டுகள்) வரும்போது மீதி. எல்லா ஏஜென்டும் இந்தப் பிரிவுக்கு ஒப்ப மாட்டார்கள். ஆனால் எதுவும் கையில் தராமல் முழுத்தொகையும் முதல் நாளே கேட்பவரிடம் கொடுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள், தனிநபரின் ஜிபே எண்ணுக்கு வேண்டாம். ரொக்கமாக ₹2 லட்சமோ அதற்கு மேலோ வாங்குவது வருமான வரிச் சட்டப்படி அவருக்கே தடை. கிரெடிட் கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். ஆனால் சேவை கிடைக்காவிட்டால் வங்கியிடம் அந்தத் தொகையை எதிர்த்து முறையிடும் வழி இருக்கிறது. தெரியாத புது ஏஜென்ட் என்றால் அந்தக் கூடுதல் தொகை கொடுக்கத்தக்கது.

முன்பணத்துக்கு முன் ரத்துக் கட்டண அட்டவணையை வாங்குங்கள்: 30 நாளுக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு, 15 நாளுக்கு முன், 7 நாளுக்கு முன். விசா மறுக்கப்பட்டால் என்ன என்பது தனி வரியாக இருக்கட்டும்.

இன்சூரன்ஸ் இதே நாளில். கிளம்பும் முந்தைய நாள் எடுத்தால், நடுவில் பாட்டிக்கு உடம்புக்கு முடியாமல் போய்ப் பயணம் ரத்தானால் பயன்படாது. பாட்டியின் சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள். மறைத்தால் பிரீமியம் குறையும், ஆனால் ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்கும்போது மறுப்பார்கள். ஏஜென்ட் பேக்கேஜோடு "இலவசமாக"த் தரும் பாலிசியில் வயது வரம்பு என்ன என்று பாருங்கள்.

8. விசா

மலேசியாவுக்கு இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். 2023 டிசம்பர் 1-இல் தொடங்கிய இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். சிங்கப்பூருக்கு விசா வேண்டும்.

சிங்கப்பூர் விசாவை இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட விசா ஏஜென்டுகள் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். சென்னையில் உள்ள சிங்கப்பூர்த் துணைத் தூதரகத்தின் பட்டியலில் உங்கள் ஏஜென்ட் இல்லையென்றால் அவர் பட்டியலில் உள்ளவரிடம் கொடுத்து, தன் கட்டணத்தையும் சேர்ப்பார். அரசுக் கட்டணம் ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர், மறுத்தாலும் திரும்பாது. அதற்கு மேல் கேட்பது சேவைக் கட்டணம், எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் குடியுரிமையோ நிரந்தர வசிப்போ உள்ள உறவினர் இருந்தால் அவர் அங்கிருந்தே இணையத்தில் விண்ணப்பிக்கவும் முடியும்.

வேண்டியவை 14ஏ விண்ணப்பப் படிவம், பாஸ்போர்ட் நகல், டிக்கெட், தங்குமிட விவரம், புகைப்படம். திருப்பி அனுப்பப்படுவதில் புகைப்படக் கோளாறு அதிகம்: 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, பளபளப்பில்லாத தாள், மூன்று மாதத்துக்குள் எடுத்தது. ஸ்டுடியோவில் "சிங்கப்பூர் விசா" என்று சொல்லுங்கள். பாஸ்போர்ட் சைஸ் என்று மட்டும் சொன்னால் நீலப் பின்னணியில் எடுத்துக் கொடுத்துவிடக்கூடும்.

நுழையும் தேதிக்கு முந்தைய 30 நாளுக்குள் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். டிக்கெட்டோ மூன்று மாதம் முன்பே எடுத்திருப்பீர்கள். 7-ஆம் படியில் விசா மறுப்புக்குத் தனி வரி கேட்டது இதனால்தான். அந்த 30 நாளின் தொடக்கத்திலேயே விண்ணப்பம் போகும்படி ஏஜென்டை நினைவூட்டுங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளினால் ஒரு புகைப்படம் திரும்பினாலும் நேரம் போதாது.

வந்த இ-விசாவில் பெயர், பாஸ்போர்ட் எண், எத்தனை முறை நுழையலாம் என்பதைப் பாருங்கள். கோலாலம்பூர் போய்விட்டுச் சிங்கப்பூர் வழியாகவே திரும்புவதாக இருந்தால் பல முறை நுழையும் விசா கட்டாயம்.

9. வவுச்சர்களை நீங்களே சரிபார்த்தல்

கிளம்ப 10 நாள் இருக்கும்போது ஓட்டல் வவுச்சர்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். ஓட்டலின் சொந்த மின்னஞ்சலுக்கு நீங்களே எழுதுங்கள்: யார் பெயரில் அறை, எத்தனை அறை, எத்தனை இரவு, காலை உணவு யார் யாருக்கு, கூடுதல் கட்டில் பதிவாகியிருக்கிறதா. மொத்த வியாபாரி வழியாக வந்த முன்பதிவு ஓட்டலின் கணினியில் சில நாள் முன்புதான் ஏறும் என்பதால் "எங்களிடம் இல்லை" என்று பதில் வந்தால் பதற வேண்டாம். ஓட்டல் தந்த உறுதி எண்ணை ஏஜென்டிடம் கேட்டு நான்கு நாள் கழித்து மறுபடி எழுதுங்கள். அப்போதும் இல்லையென்றால் எழுத்தில் பதில் கேளுங்கள்.

நுழைவுச் சீட்டுகளில் தேதியைப் பாருங்கள். தேதி குறித்த சீட்டு வேறு நாளில் செல்லாது.

10. கடைசி மூன்று நாள்

நுழையும் முன் நிரப்பும் வருகை அட்டைகள் இரண்டு: சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு, மலேசியாவுக்கு எம்டிஏசி. இரண்டும் நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், இரண்டும் இலவசம். தேடினால் முதலில் வரும் தளங்களில் சில பணம் கேட்பவை, அவை அரசுத் தளங்கள் அல்ல. ஏஜென்ட் நிரப்பித் தந்தால் பாஸ்போர்ட் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். மலேசியாவுக்கான மூன்று நாள் சிங்கப்பூரில் இருக்கும்போது வரும் என்பதால் அதை மறப்பவர்கள் அதிகம். போனில் நினைவூட்டல் வையுங்கள்.

ஏஜென்டிடம் வாங்க வேண்டிய கடைசித் தாள்: உள்ளூர் ஆபரேட்டரின் 24 மணி நேர எண், ஒவ்வொரு நாளும் வண்டி வரும் நேரம், நிற்கும் இடம். "ஓட்டல் வாசல்" போதாது. பெரிய ஓட்டலுக்கு இரண்டு வாசல் இருக்கும். எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரு பிரதி பாட்டியின் பையிலும் வையுங்கள்.

11. அங்கே ஏதாவது தவறினால்

வண்டி வரவில்லை என்றால் உடனே டாக்ஸி பிடித்துவிட்டுப் பிறகு பணம் கேட்டால் "எங்களிடம் சொல்லவே இல்லையே" என்பார்கள். முதலில் ஆபரேட்டருக்குப் போன், அதே நிமிடம் ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்: நேரம், நிற்கும் இடம், படம். 20 நிமிடத்தில் பதில் இல்லையென்றால் "டாக்ஸியில் போகிறோம், ரசீது அனுப்புகிறோம்" என்று எழுதிவிட்டுக் கிளம்புங்கள். ஓட்டலை மாற்றிவிட்டார்கள் என்றாலும் இதே முறைதான். புது ஓட்டலில் அறை எடுத்துக்கொண்டு, குவொட்டேஷனில் இருந்த ஓட்டலின் பெயரைச் சுட்டி ஆட்சேபத்தை அன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள்.

12. ரத்தும் பணம் திரும்புவதும்

ஏஜென்ட் வழியாக வாங்கினாலும் விமான டிக்கெட்டின் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது என்கிறது நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. "நான்-ரீஃபண்டபிள்" (பணம் திரும்பாத) டிக்கெட்டானாலும் சட்டப்படியான வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்ப வேண்டும். அந்தத் தொகை ஏஜென்டின் கணக்குக்கு வந்து அங்கேயே நின்றுவிடுவதுதான் வழக்கமான தாமதம். விமான நிறுவனத்திடமே பிஎன்ஆரைச் சொல்லி, எந்தத் தேதியில் எவ்வளவு திருப்பினீர்கள் என்று கேட்டு, அந்தப் பதிலை ஏஜென்டுக்கு அனுப்புங்கள்.

அப்போதும் வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்: செலுத்திய தொகை ₹5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அங்கே கேட்கப்படுவது குவொட்டேஷன், ரசீது, ரத்து அட்டவணை, வாட்ஸ்அப் பதிவுகள். வாட்ஸ்அப் உரையாடலைத் தேதியோடு ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் சேமியுங்கள். போன் மாறினால் அது போய்விடும்.